என் வீட்டு அடுப்பும் பக்கத்து வீட்டு அடுப்பும்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் இதை இன்னொருவரிடம் சொல்லி எழுத வைக்க எனக்கு மனமில்லை.

எண்பதுகளின் கடைசியில் திருநின்றவூரில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு அம்பத்தூரில் பட்டறை வேலை. பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர் தன் ஆராய்ச்சிக்காக மரத்தூள் அடுப்பு ஒன்றை எங்கள் வீட்டில் வைத்தார். உள்ளே கனமான சுட்ட மண் உறை, மேலே புகைக்குழாய். அடிக்கடி வந்து என் மனைவியிடம் குறை கேட்டுத் திருத்துவார். எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். புகையால் வந்த மனைவியின் இருமல் நின்றது.

படிப்பு முடிந்ததும் அவரும் அவருடைய பேராசிரியரும் திருமழிசையில் கம்பெனி தொடங்கினார்கள். கல்லூரியில் செய்தது நாலு வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றார் அந்த மாணவர். எனக்கும் நியாயமாகப் பட்டது. எங்கள் தெருவில் கூட்டம் போட்டு என்னைப் பேசச் சொன்னார். டீக்கடையில் ஆள் நின்றாலே சுற்றுவழியில் போகிறவன் நான்.

"எங்க சார் பேசினா கைதட்டிட்டுப் போயிடுவாங்கண்ணா. நீங்க சொன்னாதான் வாங்குவாங்க."

மைக்கைப் பிடித்தேன். "எங்க ஊட்ல பொக இல்ல. அவ்ளோதான்."

"மாமாவுக்கும் வாய் கீதுடா!" என்று யாரோ கத்த, எல்லாரும் சிரித்தார்கள். தெருவே வாங்கியது.

சில மாதங்களில் பக்கத்து வீட்டு அம்மா கூப்பிட்டார். "இன்னா அண்ணாத்தே, உன் பேச்ச நம்பித்தான வாங்கினேன்? வந்து பாரு, ஊடெல்லாம் பொக."

குனிந்து பார்த்தேன். வெளியே எங்கள் அடுப்பில் இருந்த அதே பச்சை வண்ணம். உள்ளே மண் உறை இல்லை. மெல்லிய தகரம், அதுவும் ஓட்டை.

திருமழிசைக்குப் போய்க் கேட்டேன். "மண் உறை வெச்சா விலை கட்டுப்படி ஆகலண்ணா. உங்க வீட்ல இருக்கறது மாடல். விக்கறது வேற," என்றவர் எனக்கு டீ சொன்னார். நான் குடிக்கவில்லை.

பிறகு, கம்பெனிக்குக் கடன் கொடுக்க வந்த வடநாட்டு அதிகாரிகள் இருவரை என் வீட்டுக்கே அழைத்துவந்தார். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. என் அடுப்பைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.  நான் குறுக்கே போய்ச் சொன்னேன்: "இது மாதிரி விக்கல சார். பக்கத்து ஊட்டப் பாருங்க. ஏமாத்திட்டாங்க."

அவர் என் தோளில் கைபோட்டபடி இங்கிலீஷில் ஏதோ சொன்னார்; எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அதிகாரிகள் சிரித்த முகத்தோடு என் கையைக் குலுக்கிவிட்டு ஜீப்பில் ஏறினார்கள். பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை.

வாசலில் நின்ற அந்த அம்மா கைகுலுக்கியதை மட்டும்தான் பார்த்தார். "நல்லா கீது நைனா, உங்க கூட்டு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்யும்வரை அவர் எங்களோடு பேசவில்லை.

அன்று நான் சொன்னது மேலே எழுதியிருப்பதுதான். வேறு எதுவும் சொல்லவில்லை.

1999 பிப்ரவரி 14