புள்ளிப் புத்தகமும் பெயின்ட் டப்பாவும்

கப்பல் வேலைக்குப் போகிறவர்களுக்குக் கண் சோதிப்பது என் தொழில்; அவர்களுக்குக் கண் தெரியாவிட்டால் குற்றம் என்னுடையது. கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து பேச்சு வாங்கும் எல்லோருக்கும் இந்த நியாயம் புரியும்.

துறைமுகம் போகிற ரோட்டில் எங்கள் கிளினிக். என் மேஜையில் ஒரு புத்தகம், பக்கமெல்லாம் வண்ணப் புள்ளிகள், புள்ளிகளுக்குள் ஓர் எண். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியத் தெரியாதவர்களுக்கு அந்த எண் தெரியாது. அவர்களுக்குக் கப்பலின் மேல்தளத்தில் வேலையும் கிடையாது. எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அந்த இரண்டு நிற விளக்குகளை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

வரிசை தப்பாத ரூபன்

முத்தையாபுரத்து ரூபன் படிப்பை முடித்துவிட்டான். கம்பெனியும் கூப்பிட்டுவிட்டது. என் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. "பன்னெண்டு, எட்டு, ஆறு" என்று கடகடவென ஒப்பித்தான். நான் பக்கத்தைத் திருப்பி முடிப்பதற்குள் அடுத்த எண் வந்து விழுந்தது. எனக்குச் சந்தேகம் வந்து, புத்தகத்தை நடுவில் திறந்து வைத்தேன்.

அவன் நெற்றியெல்லாம் வேர்வை. போனில் படம் பார்த்து மனப்பாடம் செய்திருக்கிறான். கடைசியில் கெஞ்சினான்: "அக்கா, வரிசையா கேட்டா சொல்லுவேம்லா?"

யார் வீட்டுக் குறை?

மறுநாள் அவனோடு அப்பா லாரன்சும் அம்மா செல்வியும் வந்தார்கள். லாரன்ஸ் லாரி டிரைவர். "மொதல்ல என் கண்ணப் பாருங்க" என்று உட்கார்ந்து, ஓர் எண் விடாமல் வாசித்தார். செல்வியும் வாசித்தார். இரண்டு பேருக்கும் தெரிவது பிள்ளைக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும், புத்தகம் பழசாயிருக்கும் என்றார் லாரன்ஸ்.

எனக்கோ இந்த விஷயம் என்றால் வாய் நிற்காது. ஒரு தாளில் படம் போட்டு விளக்கினேன். இது தாய் வழியாக வருவது, தாய்க்கு வெளியே தெரியாது, அவளுடைய அப்பாவுக்கு இருந்திருக்கலாம் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் செல்வியின் முகத்தைப் பார்த்தேன். லாரன்ஸ் ஜெயித்தவர் மாதிரி எழுந்து நின்றார்: "பாத்தியாளா, எல்லாம் ஒங்கப்பன் வீட்டுச் சீதனம்!"

மூடியில் நம்பர்

அடுத்த வாரம் செல்வி தன் அப்பா மிக்கேலைக் கூட்டிக்கொண்டு வந்தார். படகுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர், இன்றைக்கும் வேலைக்குப் போகிறார். முதல் பக்கத்து எண் மட்டும் நிறம் பிரிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரியும்; அதைச் சொன்னார், அதோடு சரி. இரண்டாவது பக்கத்தில், "வெறும் புள்ளிதான் இருக்கு" என்றார்.

"இத்தனை வருஷம் எப்படிப் பெயின்ட் அடிச்சீங்க?" என்று கேட்டேன். அவர் மகளைப் பார்த்துச் சிரித்தார். பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே செல்விதான் டப்பா மூடிகளில் நம்பர் எழுதிக் கொடுக்கிறாராம். ஒன்று சிவப்பு, இரண்டு பச்சை. கல்யாணமாகியும், புது டப்பா வந்தால் போய் எழுதிவிட்டு வருகிறார். எனக்குக் கேட்க நூறு கேள்வி இருந்தது. ஆனால் செல்வி அழுதுகொண்டிருந்தார். மகனுக்கு வருவதும் வராததும் பாதிக்குப் பாதி, யாரும் வேண்டுமென்று கொடுப்பதில்லை என்று எனக்குத் தெரிந்தவரை தேற்றினேன். மிக்கேலுக்கு அழுகைக்கே காரணம் விளங்கவில்லை: "கலரு எனக்கு எதுக்குத் தாயி? படகுக்காரனுக்குத் தெரிஞ்சாப் போதாதா?"

கல்யாணத்துக்கு முன்னால்

ரூபனுக்கு நான் சான்றிதழ் கொடுக்கவில்லை. 'தகுதியில்லை' என்றுதான் எழுதினேன். என்னைத் திட்டுவான் என்று பயந்திருந்தேன். சில மாதம் கழித்துத் தனியாக வந்தான். இப்போது ஒரு சரக்கு ஆபீசில் வேலை, ஜன்னல் வழியாகக் கப்பல் தெரியுமாம்.

"எனக்குப் பையன் பொறந்தா அவன் கப்பலுக்குப் போகலாமா?" என்றான். போகலாம், உன்னிடமிருந்து மகனுக்கு இது போகாது என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "மக பொறந்தா?" அவளுக்கு நிறம் தெரியும், ஆனால் உன் குறையைச் சுமப்பாள், அவள் மகனுக்கு வரலாம், வராமலும் போகலாம் என்றேன். மேஜையில் திறந்து கிடந்த புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளி வைத்தான்: "அப்ப எம் மவளுக்கு மாப்பிள பாக்கையிலயே அவங்ககிட்ட நான் சொல்லிருவேன்க்கா. எங்கம்மா மாதிரி அவ இங்கன உக்காந்து ஏச்சு வாங்கக் கூடாது."

எங்கள் தொழிலில் சோதிப்பது ஒரு ஜோடிக் கண்ணைத்தான், பதில் சொல்வது மட்டும் பிறக்காத பேரன்வரைக்கும்.