ஷோகேஸ்காரர் வீட்டுச் சோபா

"வீட்லயே உட்கார்ந்திருந்தா மூளை வளருமா, துருப்பிடிக்குமா?"

பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் இருந்த என்னைப் பார்த்து என் சித்தி இப்படிக் கேட்டாள். வளரும் என்றால் எங்கே காட்டு என்பாள். துருப்பிடிக்கும் என்றால் அன்றைக்கே ஏதாவது வேலையில் சேர்த்துவிடுவாள். டம்ளரைக் கழுவப் போய்விட்டேன்.

இப்போது அவள் கேட்டால், எங்கள் குடியிருப்பின் மேல்மாடியில் இருக்கும் ஷோகேஸ்காரரின் கதையைச் சொல்வேன். இதில் அவருடைய மனைவி சொன்னது பாதி, மச்சினன் அளந்துவிட்டது பாதி. அளந்ததில் நம்ப முடிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஷோகேஸ்காரருக்குக் கடைவீதியில் ஒரு பெரிய துணிக்கடையில் வேலை. அவர் துணி விற்பதில்லை, அளப்பதில்லை. தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைகளுக்கு உடை மாட்டி, பார்க்க லட்சணமாக நிற்க வைப்பதுதான் அவர் வேலை. ஓர் ஆண் பொம்மை, ஒரு பெண் பொம்மை, ஒரு குழந்தைப் பொம்மை. ஆண் பொம்மை கையை நீட்டித் தூரத்தில் எதையோ காட்டும். பெண் பொம்மை இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதை நம்பாதது போல நிற்கும். குழந்தை இரண்டு பேரையும் அண்ணாந்து பார்க்கும். பல வருடங்களாக இதே காட்சிதான். ஆண் பொம்மை காட்டிய திசையில் முதலில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. இப்போது பல் டாக்டர் வந்துவிட்டார். பொம்மை இன்னமும் காட்டிக்கொண்டிருந்தது.

ஒருநாள் முதலாளியும் அவரும் கடைக்குள்ளே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் விறுவிறுவென்று வந்தவள் கண்ணாடி முன்னால் நின்றாள். ஷோகேஸ்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். அவள் கண்ணாடியை நெருங்கி வந்து, வாயைத் திறந்து, பல் இடுக்கில் எதையோ தேடி எடுத்துவிட்டு, நெற்றி முடியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள்.

"பார்த்தீங்களா?" என்றார் முதலாளி. "ஊர்ல இருக்கிறவங்க பல்லு பார்க்கவா நான் இவ்வளவு பெரிய கண்ணாடி போட்டிருக்கேன்?"

"அவங்க அவசரத்துல இருந்தாங்க முதலாளி."

"எல்லாரும்தான் அவசரத்துல இருக்காங்க. நான் முடிவு பண்ணிட்டேன். பொம்மையை எடுத்துட்டு அங்க ஒரு பெரிய டிவி வைக்கப்போறேன். அதுல ஆளுங்க நடப்பாங்க, திரும்புவாங்க, சிரிப்பாங்க. உங்க பொம்மை என்னைக்காவது திரும்பியிருக்கா?"

"நான் திருப்பினா திரும்பும்."

முதலாளி சிரிக்கவில்லை. "மழைக்காலத்துத் துணி வரப்போகுது. இந்த ஒரு தடவை பார்க்கிறேன். ஜனங்க நிக்கணும். அவங்க மூஞ்சிய இல்ல, என் சரக்கைப் பார்க்கணும். நடக்கலேன்னா டிவிதான். நீங்க கிடங்குல போய்த் துணி மடிங்க."

கிடங்கு கடைக்குப் பின்னால் இருந்தது. அதற்கு ஜன்னலே கிடையாது. ஷோகேஸ்காரரோ தெருவைப் பார்த்தே வேலை செய்து பழகியவர். எந்தக் குழந்தை பள்ளிக்கு அழுதுகொண்டு போகிறது, எந்த நாய் எந்தக் கடை வாசலில் படுக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதையெல்லாம் விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துச் சட்டை மடிப்பதை அவரால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் விஷயத்தைச் சொன்னார். மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுபவள். எல்லாவற்றுக்கும் பிரேக் எங்கே இருக்கிறது என்றுதான் அவள் முதலில் பார்ப்பாள். "புதுசா ஏதாவது செய்ங்க. அவ்வளவுதானே? அதுக்கு ஏன் முகத்தைத் தொங்கப்போடறீங்க?" என்றாள்.

"புதுசா ஒண்ணும் தோணமாட்டேங்குதே."

அவளுடைய தம்பி உடனே செல்போனைக் கையில் எடுத்தான். ஏதோ ஒரு தேர்வுக்குப் படிக்கிறேன் என்று சொல்லி அக்கா வீட்டில் தங்கியிருப்பவன் அவன். என்ன தேர்வு என்று இதுவரை யாருக்கும் தெரியாது.

"கவலையே படாதீங்க மாமா. கற்பனை வளர்க்கிறதுக்கு வீட்டிலேயே தினமும் செய்யற சின்னச் சின்னப் பயிற்சி இருக்காம். ஒருத்தர் வீடியோ போட்டிருக்காரு. மூளை ஒரே தடத்துல ஓடுதாம். அதைத் தடம் மாத்தி விடணுமாம்."

"தடம் மாறினா வண்டி கவிழும்டா," என்றாள் அக்கா.

"நீ சும்மா இரு அக்கா. மாமா, முதல்ல எல்லா வேலையையும் இடது கையால செய்யணும்."

மறுநாள் காலையில் ஷோகேஸ்காரர் இடது கையால் பல் தேய்த்தார். பேஸ்ட் பாதி மூக்கில் போயிற்று. இடது கையால் சட்டைப் பொத்தான் போட்டார். அவர் போட்டு முடிப்பதற்குள் மகள் குளித்து, சாப்பிட்டு, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "அப்பா, நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ நீங்கதானே எனக்குப் பொத்தான் போடச் சொல்லிக்குடுத்தீங்க? மறந்துட்டீங்களா?" என்று பரிதாபமாகக் கேட்டாள்.

அடுத்தது, தாளைப் பார்க்காமல் படம் வரைய வேண்டும். அவர் மனைவியை உட்காரவைத்து, அவள் முகத்தை மட்டுமே பார்த்து வரைந்தார். முடித்துக் காட்டினார்.

"இது யாரு?"

"நீதான்."

"என் காது ஏன் தோள்பட்டையில இருக்கு?"

"கேக்கறதுக்கு வசதியா."

"அப்போ வாய் இல்லையே?"

மச்சினன் எட்டிப்பார்த்தான். "அதான் மாமாவோட கற்பனை," என்றான். அன்று முழுக்க அவனுக்கு அக்கா சோறு போடவில்லை. அவனே போட்டுக்கொண்டான்.

அதற்கடுத்த பயிற்சிதான் வினையாகப் போயிற்று. வீட்டிலுள்ள ஒரு பொருளையாவது தினமும் இடம் மாற்ற வேண்டுமாம். தெரிந்த அறையே புது அறை போலத் தோன்றுமாம். கடிகாரம் சமையலறைக்குப் போனது. செருப்பு அலமாரி குளியலறை வாசலுக்கு வந்தது. ஒரு பிற்பகல் மாமாவும் மச்சினனும் சேர்ந்து சோபாவை ஜன்னலோரமாகத் தள்ளிவைத்துவிட்டு, அறை புதிதாகத் தெரிகிறதா என்று தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மனைவி அப்போதுதான் வேலை முடிந்து வந்தாள். ஒரு கையில் காய்கறிப் பை, மறு கையில் மகளின் தண்ணீர் பாட்டில். குறுக்கே வந்த ஒரு ஸ்கூட்டர்காரனைப் பற்றித் திட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். வேனைப் பின்னால் எடுத்து நிறுத்துவது போல, வழக்கமான இடத்துக்கு வந்து, திரும்பி, பார்க்காமலேயே உட்கார்ந்தாள்.

சோபா அங்கே இல்லை.

தக்காளிகள் நாலாபக்கமும் ஓடின. கால்கள் இரண்டும் முன்னால் நீண்டிருக்க, பையை நெஞ்சோடு அணைத்தபடி அவள் தரையில் இருந்தாள். வாய் மட்டும் ஸ்கூட்டர்காரனை விட்ட இடத்திலேயே திறந்து நின்றது.

"அடி பட்டுச்சா?" என்றார் ஷோகேஸ்காரர்.

"வேனுக்குக்கூடப் பின்னாடி பார்க்கக் கண்ணாடி வச்சிருக்கான்," என்றாள் அவள் நிதானமாக. "இந்த வீட்ல உட்கார்றதுக்கே ஒண்ணு மாட்டணும் போல. எந்திரிக்கக் கை குடுங்க. வலது கை!"

சோபா அன்றைக்கே பழைய இடத்துக்குத் திரும்பியது. "இனிமே இடம் மாத்தறதெல்லாம் கடையோட வச்சுக்கோங்க," என்று உத்தரவு போட்டாள்.

அவர் அந்த உத்தரவை அப்படியே நிறைவேற்றினார். மழைக்காலத் துணி வந்த அன்று மதியம், ஷோகேஸின் கண்ணாடிக்கு உட்புறமாகப் பழைய செய்தித்தாள் ஒட்டி மறைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். இந்த வேலையில் ஒரு முறை உண்டு. பொம்மைக்குக் கையோடு கோட்டு மாட்ட முடியாது. முதலில் இரண்டு கைகளையும் கழற்றித் தரையில் வைக்க வேண்டும். உடையை மாட்டிய பிறகு கைகளைச் செருக வேண்டும். கால்களும் இடுப்பில் அப்படியே கழன்று வரும். அந்தப் பொம்மைகள் பழையவை. தோளில் இருக்கும் பொருத்து தேய்ந்து, கை ஆடும். அவர் காகிதத்தை மடித்து ஆப்பு வைத்து இறுக்குவார். அப்படி வைத்தால் எந்தக் கையும் எந்தத் தோளிலும் நிற்கும்.

எப்போதும் வலக் கைகள் அவருக்கு வலப்பக்கம் கிடக்கும், இடக் கைகள் இடப்பக்கம். அன்று பயிற்சிக்காக மாற்றிப் போட்டார். மாற்றிப் போட்டதை மனது ஞாபகம் வைத்திருந்தது. கை மறந்துவிட்டது. பழக்க தோஷத்தில் வலப்பக்கம் கிடந்ததை எடுத்து வலது தோளில் செருகிக்கொண்டே போனார். வேலை முடிந்தபோது அவருக்குத் துக்கமாக இருந்தது. ஆண் பொம்மை மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு பல் டாக்டரைக் காட்டியது. பெண் பொம்மை குடை பிடித்தபடி நம்பாமல் பார்த்தது. இத்தனை பயிற்சி செய்தும் அதே பழைய காட்சி. கண்ணாடியில் ஒட்டிய செய்தித்தாளைக் காலையில் வாட்ச்மேன் கிழித்துவிடுவார். 'போச்சு, கிடங்குதான்' என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விடுமுறை. மகளும் அவரோடு கடைக்கு வந்தாள். தெருமுனையிலேயே கூட்டம் தெரிந்தது. கடைக் கண்ணாடி முன்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள். யாரும் பல் பார்க்கவில்லை. எல்லோரும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பொம்மைகளைப் பார்த்தார்கள்.

"என்னமோ தப்பா இருக்குங்க," என்றார் ஒரு பெரியவர்.

"தலை பெருசா இருக்கு."

"இல்லீங்க, கழுத்து. கழுத்துதான் திருகியிருக்கு."

"கழுத்து நல்லாத்தான் இருக்கு. எனக்கு என்னவோ பார்க்கப் பார்க்கத் தோள்பட்டை வலிக்குது," என்றாள் காய் வாங்க வந்தவள்.

சந்தேகம் தீராத சிலர் உள்ளே போய் விற்பனைப் பெண்களிடம் கேட்டார்கள். அவர்களுக்கும் தெரியவில்லை. கேட்கப் போனவர்கள் அப்படியே குடையை விரித்துப் பார்த்தார்கள், கோட்டை மாட்டிப் பார்த்தார்கள். ஷோகேஸ்காரரும் கூட்டத்துக்குள் நுழைந்து, "என்னங்க விசேஷம்?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்.

"அந்தப் பொம்மையில என்னமோ கோளாறு. எந்தப் படுபாவி செஞ்சானோ, கண்டுபிடிக்கவே முடியல."

முதலாளியும் அங்கேதான் நின்றார். கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்கு நெருங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷோகேஸ்காரரைக் கண்டதும் அவர் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "விடிஞ்சதிலேருந்து பார்க்கிறேன். காப்பி கூடக் குடிக்கல. என்ன செஞ்சு வச்சிருக்கீங்க? சொல்லித் தொலைங்க!"

தெரிந்தால்தானே அவர் சொல்வார்? அவருடைய மகள்தான் சட்டையைப் பிடித்து இழுத்து, கிசுகிசுத்தாள். "அப்பா, நான் செருப்பை மாத்திப் போடுவேனே, அந்த மாதிரி நீங்க கையை மாத்திப் போட்டுட்டீங்க. கட்டைவிரல் எல்லாம் வெளிப்பக்கம் பார்க்குது."

அவர் பார்த்தார். ஆமாம்! பெண் பொம்மையின் குடை பிடித்த கையில் கட்டைவிரல் தெருவைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தார். வரவில்லை. "முதலாளி, கையெல்லாம் இடம் மாறிப்போச்சு. தெரியாம நடந்துபோச்சு. இப்பவே கழற்றி மாட்டிடறேன்," என்றார்.

"தொட்டீங்கன்னா தெரியும்!" என்று முதலாளி சீறினார். "மழை முடியிற வரைக்கும் அந்தக் கை அங்கதான் இருக்கணும். யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. பாப்பா, உனக்கும்தான். ஆமா, அடுத்த மாசம் என்ன வைக்கப்போறீங்க?"

"அது தெரியல முதலாளி. வீட்ல போய்த்தான் பார்க்கணும்."

டிவி வரத்தான் வந்தது. முதலாளி அதைத் தன் அறையிலேயே மாட்டிக்கொண்டார், கிரிக்கெட் பார்க்கிறார். ஷோகேஸ் ஷோகேஸ்காரரிடமே இருந்தது. ஆனால் அடுத்த மாதம் வந்தபோது அவருக்கு மறுபடியும் ஒன்றும் தோன்றவில்லை. வேண்டுமென்றே ஒரு பொம்மைக்குக் காலணியை மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தப்பு செய்வதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும் போல என்று நினைத்தபடி ஷோகேஸுக்குள்ளேயே தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் மூளையில் ஏதோ பளிச்சென்றது.

மறுநாள் மாலை, அவருடைய மனைவி வேன் நிறையப் பிள்ளைகளோடு கடைவீதி வழியாக வந்தாள். கடை முன்னால் மறுபடியும் கூட்டம். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அழகான சோபா. அதற்குச் சற்றுத் தள்ளி, புதுப் பூப்போட்ட உடையில், பெண் பொம்மை தரையில் உட்கார்ந்திருந்தது. கால்கள் இரண்டும் முன்னால் நீண்டிருந்தன. நெஞ்சோடு ஒரு பை. சுற்றிலும் தக்காளிகள். ஆண் பொம்மை கையை நீட்டிச் சோபாவைக் காட்டியது. பார்த்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"ஐ, இந்தப் பொம்மை ஆன்ட்டி மாதிரியே உட்கார்ந்திருக்கு!" என்றது வேனிலிருந்த ஒரு பிள்ளை. வீட்டில் நடந்ததை மகள் ஏற்கெனவே வேன் முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

மனைவி நீளமாக ஒரு ஹாரன் மட்டும் அடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று ஷோகேஸ்காரர் தரையில் கால் படாமல் வீட்டுக்கு வந்தார். "கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம்! முதலாளி என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. போற போக்குல பல் டாக்டர்கூட நின்னு பார்த்தாரு!" என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தார். மனைவி சமையலறை வாசலில் கை கட்டி நின்று, அக்கறையாகத் தலையாட்டிக் கேட்டாள். மச்சினன் எதிலோ சாய்ந்தபடி செல்போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. பேச்சு சுவாரசியத்தில் ஷோகேஸ்காரர் வழக்கமான இடத்துக்கு வந்தார், திரும்பினார், உட்கார்ந்தார்.

சோபா ஜன்னலோரத்தில் இருந்தது.

"புதுசா ஏதாவது தோணுதாங்க?" என்று கேட்டாள் மனைவி.

என் சித்தியிடம் இதை இன்னும் சொல்லவில்லை. சோபாவை நகர்த்தினால் அடிப்பாள். உங்கள் வீட்டிலும் ஒன்றும் தோன்றவில்லையே என்று மோட்டுவளையைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர் யாராவது இருப்பார். அவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள், அவரையும் இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள். உட்காருவதற்கு முன்னால் ஒருமுறை திரும்பிப் பார்க்கவும் சொல்லிவிடுங்கள்.