இரண்டு வீட்டுக்கும் ஒரே நாத்தனார்

விரலை மடக்கி இரண்டு முறை தட்டிவிட்டுத்தான் செல் வளர்க்கிற பெட்டியின் கதவைத் திறப்பாள். உள்ளே ஆள் யாரும் இல்லை; வட்டக் கிண்ணங்களில் வளரும் செல்கள்தான். கேட்டால், "திடீர்னு திறந்தா பதறிடும்ல, அண்ணே" என்பாள்.

எங்கள் ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்கிற அவளுக்கு ஓட்டக்காரி என்று பெயர். நடந்து யாரும் பார்த்ததில்லை. கணக்கைக் கையுறை மேலேயே எழுதுவாள், கழற்றி எறிவாள், அரை மணி கழித்துக் குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பாள். மாமியாரோடு போனில் பேசும்போது மட்டும் குரல் ஒரு முழம் இறங்கும். அதெல்லாம் பாட்டில் கழுவுகிற எனக்கு எதற்கு?

செல்லுக்குள் சேதி போக இரண்டு வழியாம். ஒன்றில் 'வளரு', இன்னொன்றில் 'ஆபத்து'. இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது என்று எல்லாரும் நினைத்திருக்க, இவள் 'வளரு' மருந்தை மட்டும் ஊற்றினாள். 'ஆபத்து'ச் சேதியும் சேர்ந்து கிளம்பிவிட்டது.

"நடுவுல ஒரு என்சைம் இருக்குண்ணே. அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் ஒரே நாத்தனார். இங்க காபி குடிச்சிட்டு அங்க போய் வத்தி வைக்குது."

தலைமை விஞ்ஞானி நம்பவில்லை. பாட்டிலில் பழைய 'ஆபத்து' மருந்து ஒட்டியிருக்கிறது, கழுவுகிற ஆளை மாற்றணும், புதுப் பாட்டிலில் இன்னொரு தடவை செய், சரிவராவிட்டால் மூட்டை கட்டு என்றார். இவளோ நான் கழுவிய பாட்டில்தான் வேண்டும் என்று நின்றாள். "இன்னிக்கு பாட்டில்ம்பாரு, நாளைக்குத் தண்ணிம்பாரு, அப்புறம் என் மூஞ்சிம்பாரு."

'ஆபத்து' மருந்து எதில் ஒட்டியிருந்தாலும் செல்லுக்குள் நுழைய அதற்கு ஒரே வாசல்தான். முதலில் அதை அடைத்துவிட்டு 'வளரு' மருந்தை ஊற்றினாள். அப்படியும் 'ஆபத்து'ச் சேதி நிற்கவில்லை. பாட்டில் தப்பித்தது. அடுத்து என்சைமின் வாயைக் கட்டினாள். 'ஆபத்து'ப் பக்கம் கப்சிப். சேதி போனால் சோதனைப் படத்தில் கறுப்புக் கோடு விழும்; இப்போது அந்த இடம் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

அந்தப் படத்தோடு கழுவுமிடத்தில் வந்து குதித்தாள். "நாத்தனார் வாய அடைச்சாச்சு. வாங்கண்ணே." முழங்கை வரை சோப்பு நுரை சொட்டச் சொட்ட என்னை இழுத்துக்கொண்டு தலைமை விஞ்ஞானியின் அறைக்குள் நுழைந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே இருந்தது ஒரே நாற்காலி. படத்தை அவரிடம் நீட்டவில்லை. முதலில் அந்த நாற்காலியை இழுத்து என் பக்கம் போட்டாள்.