பளபளப்பு விழாத இடங்கள்

பொத்தேரியில் என் பிரிண்ட் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். ப்ராஜெக்ட் போஸ்டரைக் கடைசி நாளில் கொண்டுவந்து, "அக்கா, அர மணி நேரத்துல வேணும்" என்று உயிரை எடுப்பார்கள். நானும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அடித்துக் கொடுப்பேன். மீதிப் பேர் செத்தவர்களின் போட்டோவைப் பெரிசு பண்ண வருகிறவர்கள். அவர்களைத் திட்ட முடியாது.

அந்த ஆள் கருங்குழிக்காரர். சிறுசேரியில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவர். வேனை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்து போனை நீட்டினார். மஞ்சள் சுடிதாரில் ஒரு பெண், பத்தொன்பது இருபது வயசிருக்கும், சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாண மண்டபத்தில் யாரோ ஃப்ளாஷ் போட்டு ரொம்பக் கிட்டத்தில் எடுத்தது. நெற்றியும் இரண்டு கன்னமும் வெளிச்சம் அடித்து வெள்ளை வெளேரென்று கிடந்தன.

"வேற போட்டோ இல்லையாண்ணா?"

"கீது மேடம். எல்லாம் தூரத்துல நின்னுகினு கீது. இதுலதான் மூஞ்சி நல்லா தெரியுது."

பதினாறாம் நாள் காரியத்துக்கு வேண்டும் என்றார். ஒரே மகள். அம்மா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டில் கேஸ் கசிந்து தீப்பிடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்திருக்கிறாள். நான் எதுவும் கேட்கவில்லை, அவரேதான் சொன்னார்.

"மூஞ்சின்னே ஒண்ணு இல்ல மேடம். நான் ஒருத்தன்தான் பாத்தேன். அவங்கம்மாவ உள்ள வுடவே இல்ல. அப்புறமும் மூட்டையா கட்டித்தான் எடுத்தாந்தோம். இந்த சிரிச்ச மூஞ்சியே அது மனசுல நிக்கட்டும்னு பாக்கறேன்." கிளம்பும்போது, "கண்ணாடி மட்டும் வேணாம். அவங்கம்மா கையால தொட்டுப் பாக்கணும்னு சொல்லுது" என்றார்.

சரிண்ணா என்றேன். ஃப்ரேம் போடுகிறவரைக் கூப்பிட்டு, கண்ணாடி வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன், மண்டு.

என் மெஷினில் கலர் மைகளோடு நிறமே இல்லாத மை ஒன்றும் உண்டு. தாளுக்குப் பளபளப்புக் கொடுப்பது அதுதான். அதை வேண்டாம் என்று வைக்கலாம், படம் முழுக்க என்று வைக்கலாம், ஆட்டோ என்றும் வைக்கலாம். ஆட்டோவில் வைத்தால் கலர் விழுந்த இடத்தில் மட்டும் பளபளப்பு விழும். வெறும் வெள்ளையாக விட்ட இடத்தில் ஒரு சொட்டுகூட விழாது, அங்கே தாள் மங்கலாகவே நிற்கும். நேரே நின்று பார்த்தால் தெரியாது. பக்கத்திலிருந்து வெளிச்சம் பட்டால் பல்லை இளிக்கும். கண்ணாடி போட்டுவிட்டால் அந்த வித்தியாசமும் மறைந்துபோகும். சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும் என்பதால் எங்கள் பக்கம் செத்தவர் படம் கண்ணாடி இல்லாமல் போவதே கிடையாது. அதனால் வருஷக்கணக்கில் என் மெஷின் ஆட்டோவிலேயே ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி வேண்டாம் என்று சொன்ன அதே வாயோடு போய் அதை மாற்றியிருக்க வேண்டும். தோன்றவே இல்லை. படம் வந்ததும் மேசைமேல் போட்டு, டியூப் லைட்டுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

காரியத்தன்று காலை மதுராந்தகத்தில் ஒரு கடைக்கு போர்டு கொடுக்க வேண்டியிருந்தது. கருங்குழி போகிற வழிதானே என்று படத்தையும் நானே காரில் அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காபி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவர் விடவில்லை. நான் வாசலில் காபி குடிப்பதற்குள் கூடத்தில் நாற்காலி போட்டுப் படத்தைச் சாய்த்து, மாலை போட்டு, பக்கத்தில் குத்துவிளக்கை ஏற்றிவிட்டார்கள். கூடத்துக்கு ஒரே ஒரு சின்ன ஜன்னல். எட்டிப் பார்த்தேன். முடியும் சுடிதாரும் விளக்கில் மின்னின. நெற்றியிலும் கன்னங்களிலும் மட்டும், ஃப்ளாஷில் வெளுத்த இடங்களில், தாள் ஓரம் பிசிறுபிசிறாகத் திட்டுத்திட்டாய்ச் செத்துக் கிடந்தது, தோல் உரிந்த மாதிரி.

அவரைத் தனியே இழுத்துக்கொண்டு போனேன். "அண்ணா, படத்தக் கொடுங்க. மறுபடி மெஷின்ல விட்டு முழுசாப் பளபளப்பு ஏத்திக் கொண்டாந்துடறேன். இல்ல, விளக்கயாவது தள்ளி வைங்க."

"ஏன் மேடம், நல்லாதான கீது?"

நான் விளக்குவதற்குள் இரண்டு பெண்கள் பெண்ணைப் பெற்ற அந்த அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து விளக்கை ஒட்டி உட்கார வைத்தார்கள். அவர் கையை நீட்டி மகளின் தலைமுடியைத் தடவினார். விரல் கன்னத்துக்கு இறங்கியது. வழவழப்பு முடிகிற இடத்தில் நின்றுவிட்டது. தலையைச் சாய்த்து விளக்கு வெளிச்சத்தில் ரொம்ப நேரம் பார்த்தார்.

"யோவ்," என்றார், திரும்பாமலே. "நீ பாத்தப்ப இப்பிடித்தான் இருந்துச்சா?"

அப்போதுதான் வேன்காரரும் அதைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆமா" என்றார். "இவ்ளோதான்."

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான். கஷ்டப்படல."

அந்தத் திட்டுகளுக்குமேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார் அந்த அம்மா. அது காயமில்லைம்மா, என் மெஷின் செய்த கோளாறு என்று சொல்லலாம். சொன்னால், அப்ப எப்படித்தான் இருந்துச்சு என்று கேட்பார். அதற்கு அந்த மனுஷன் என்ன பதில் சொல்லுவார்? என்னையே அறைந்துகொள்ளலாம் போல ஆத்திரம் வந்தது. சுவரோரமாக நின்றேன்.

"இதுக்காய்யா என்ன வுடல?" அந்த அம்மாவின் குரல் உயரவில்லை. "ஆஸ்பத்திரி கதவாண்ட மூணு நாள் உன் கால்ல வுழுந்துகினு கெடந்தேனே. இத நான் பாத்திருக்க மாட்டேனா? மடியில வெச்சிகினு இருந்திருப்பேனே. எம் பொண்ணு என்னத் தேடிகினே போயிருக்கும்யா."