பேப்பரில் வராத செய்தி

இன்று கும்மிடிப்பூண்டி பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண், "டீச்சர், நான் செல்வி. உங்க மூணாங்கிளாஸு" என்றாள்.

எழுபதுகளில் நான் புது டீச்சர். தினமும் காலையில் ஒரு பிள்ளை எழுந்து செய்தி சொல்ல வேண்டும்.

ஓர் ஐப்பசி மழை நாளில், கடலோர ஏரிக்கரை மீனவக் குப்பத்துச் செல்வியின் முறை.

"மண்ணு அடைச்சிருந்த முகத்துவாரம் தொறந்துக்கிச்சு டீச்சர்! ஏரிக்குள்ள கடல் வந்துகினு இருக்குது. இனிமே வலை நெறைய எறா வரும்."

"பேப்பரில் வந்ததைச் சொல். இல்லையென்றால் உட்கார்" என்றேன். வகுப்பே சிரித்தது.

அதன்பிறகு அவள் வாயே திறக்கவில்லை. மந்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று கேட்டேன்: "ஏம்மா அப்புறம் செய்தியே சொல்லல?"

"எங்க ஊட்ல ஏது டீச்சர் பேப்பரு?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

உங்கள் ஊரில் இன்று என்ன செய்தி? பேப்பரில் வராததையே சொல்லுங்கள். உட்காரச் சொல்ல மாட்டேன்.