மூக்குச் சுளிக்கும் வினைச்சொல்

அம்மாவின் தம்பிக்கு, என் மாமாவுக்கு, உருப்படியாக வந்த பழைய கிரேக்கச் சொல் ஒன்றே ஒன்றுதான். முக்தேரிஸோ. பரிகசிக்கிறேன் என்று அர்த்தம். மூக்கைச் சுளித்து ஏளனம் செய்வதிலிருந்து பிறந்த சொல். கிரேக்கர்களுக்கு முக்தேர் என்றால் மூக்குத் துளை. நம் மூக்கோடு ஒட்டிக்கொண்டதால் அது அவர் மண்டையில் நின்றது. மற்றதெல்லாம் வழிந்து போனது.

சபைப் போதகர் படிப்பு, பைபிளுக்காகக் கிரேக்கம் கட்டாயம். விடுமுறைக்கு வந்தால் கடலூர் வீட்டு மாடியில், சிப்காட் ரசாயன நெடி ஏறிய சாயங்காலக் காற்றில், நடந்து நடந்து ஓதுவார். முக்தேரிஸோ, முக்தேரிஸெய்ஸ், முக்தேரிஸெய். நான், நீ, அவன். மழை மாதிரி, நிற்காமல்.

நான் ஒன்றாம் வகுப்புப் படித்த வருடம் சிதம்பரத்தில் அவருக்குப் பெண் பார்க்கப் போனோம். சபை ஊழியக்காரனுக்குப் பெண் இல்லை என்று முன்பே இரண்டு வீடு கைவிரித்திருந்தது. இதுவும் தட்டிப்போனால் கல்யாணப் பேச்சே எடுக்காதே என்று மாமா அம்மாவிடம் சொல்லியிருந்தார். அரசாங்கம் கொடுத்த கலர் டிவியை அணைத்துவிட்டுப் பெண்ணின் அப்பா கேட்டார்.

“கிரேக்கெல்லாம் படிக்கிறீங்களாமே. ஒண்ணு சொல்லுங்க, கேப்போம்.”

மாமா நிமிர்ந்தார். தன் மார்பைத் தொட்டு, மூக்கைச் சுளித்து, தன்மை சொன்னார். இலக்கணம் பிசகாமல் முன்னிலைக்குப் போய்ப் பெண்ணின் அப்பாவையே விரலால் காட்டி இன்னும் ஆழமாகச் சுளித்தார். படர்க்கைக்கு அம்மா மடியிலிருந்த என்னைக் காட்டியிருக்கலாம். பெண்ணின் தாய்மாமனைக் காட்டினார். அவருக்கு மூக்கு கொஞ்சம் பெரிசு.

“யாரப் பாத்துய்யா மூக்க சுளிக்கிற?”

தாய்மாமன் எழுந்ததில் பஜ்ஜித் தட்டு கவிழ்ந்தது. அம்மா என்னை இறக்கிவிட்டுச் செருப்பைத் தேடப் போனாள். அப்போதுதான் அடுப்படி வாசலில் நின்ற பெண் வாய் திறந்தாள்.

“அடுத்தவங்க நம்மளக் கிண்டல் பண்ணா, அதுக்கு என்னாங்க சொல்லணும்?”

செயப்பாட்டுவினை. பரீட்சையில் மாமாவைக் கவிழ்த்த இடம். வியர்த்து, விழித்து, எங்கிருந்தோ இழுத்து வந்தார்.

“முக்தேரிஸொமாய். நான் பரிகசிக்கப்படுகிறேன்.”

“அத நல்லா மனப்பாடம் பண்ணிக்கங்க. இனிமே அதான் ஜாஸ்தி தேவப்படும்.”

வீடே சிரித்தது. பெரிய மூக்குக்காரரும் உட்கார்ந்து சிரித்தார்.

திரும்பும் பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். மாமாவை எல்லார் முன்னாலும் மட்டம் தட்டிவிட்டாள், சம்பந்தம் போயிற்று. அவரோ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனக்குத்தானே சிரித்தபடி வந்தார். அவமானத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தேன். எங்கள் பக்கம் ஒருவரைக் கேலி செய்ய உறவுமுறை வேண்டும், அந்நியருக்கு வெறும் மரியாதைதான் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் சொன்னதில் கிண்டலை மட்டும் கேட்டேன். ‘இனிமே’யைக் கேட்கவில்லை.