மோசேக்கு அப்பீல் இல்லை

நான் திக்குவாயன். இதை எழுத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. நேரில் சொல்ல நேர்ந்தால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவேன், பக்கத்தில் நிற்கிற ஒரு தமிழர் மிச்சத்தை முடித்துவைப்பார். ஒருவன் ஒரு சொல்லோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க எங்கள் சனத்துக்குப் பொறுமை கிடையாது. பாரம் தூக்குகிறவனுக்குக் கை கொடுப்பதுபோல ஓடிவந்துவிடுவார்கள். கடையில் நான் கேட்க நினைத்ததைக் கடைக்காரர் தானே தீர்மானித்து நிறுத்துத் தந்திருக்கிறார். பெண் பார்க்கப் போன இடத்தில் என் சம்மதத்தை மாமா சொன்னார். நல்லவேளையாக எனக்கும் அது சம்மதமாக இருந்தது. ஆனால் நாற்பது வயதுவரை என் சொந்தச் சனத்துக்கு முன்னால் ஒரு வசனத்தை நானே தொடங்கி நானே முடித்ததாக நினைவில்லை. வீடு, கார் என்றெல்லாம் பெரிதாக ஆசைப்படாத எனக்கு அந்த ஒரு ஆசை மட்டும் இருந்தது.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கம். ஊரில் சண்டை நின்றிருந்தது. ஒஸ்லோவில் இருந்தவர்கள் எல்லாம் கோடை லீவுக்கு யாழ்ப்பாணம் போய்க் கறுத்துப்போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நான் ஒஸ்லோவின் புறநகரான புருசெத்தில் இருந்தேன். ஹோட்டல் துணிகளைத் தோய்க்கிற ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை. படுக்கை விரிப்புகளை மடிக்கிற மேசையில் ஆறு பேர், ஆறு பேரும் தமிழர். தேய்த்து வருகிற விரிப்பை மடித்துக் கொடுக்க ஒரு மெசின் இருந்தது. ஒக்டோபரில் அது படுத்துவிட்டது. பழுதான பாகம் வந்துகொண்டிருக்கிறது என்றார் மனேஜர். பாகம் வரவில்லை, பனி வந்தது. நாங்கள் கையால் மடித்தோம். ஆனால் ஒரு நாளைக்கு நிரப்பவேண்டிய தள்ளுவண்டிகளின் கணக்கு மட்டும் மெசின் ஓடிய காலத்தில் எவ்வளவோ அவ்வளவுதான். மாலையில் வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைய விரல் மடங்காது.

எங்களோடு ஒரு அக்கா வேலை செய்தார். குருநகர்க்காரி, கிறிஸ்தவ வேதக்காரர், எங்கள் எல்லோரையும்விட மூத்தவர். விரிப்பை உதறிக்கொண்டே ஒருநாள் சொன்னார்.

“இது எகிப்திலை நடந்த கதைதான். வைக்கோல் தரமாட்டினமாம். ஆனால் செங்கல் மட்டும் முந்தி அறுத்த அதே அளவு வேணுமாம்.”

மற்ற ஐந்து பேரும் சைவக்காரர். எங்களுக்கு எகிப்து என்றால் பிரமிட்டும் ஒட்டகமும்தான். அக்கா அன்று தொடங்கி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மோசேயின் கதையைத் தவணை முறையில் சொன்னார். நாங்களும் பாணுக்கு மேல் மண்ணிறச் சீஸை வைத்து மென்றுகொண்டு கேட்டோம். ஆனால் அகதிக் கேஸ்களில் ஊறிப்போன ஆட்கள் சும்மா கேட்போமா? உரும்பிராயைச் சேர்ந்த ஒரு அண்ணை இருந்தார். மேசையில் நன்றாக நோர்வேஜியன் கதைப்பவர் அவர்தான், என் சொற்களை முடித்துவைப்பதிலும் அவர்தான் முதல் ஆள். அவர் விசாரணை அதிகாரியாகவே மாறிவிட்டார்.

மோசே ஒரு எகிப்தியனை அடித்துக் கொன்று மணலில் புதைத்துவிட்டு எல்லை தாண்டி ஓடியதாக அக்கா சொன்னதும், அண்ணை நாடியைத் தடவினார். “கேஸ் பலமான கேஸ்தான். ஆனால் கொலையைச் சொல்லப்படாது.” மாமனாரின் ஆடுகளை நாற்பது வருடம் மேய்த்ததாகச் சொன்னதும், “மாமனாரோடை நாற்பது வருசமோ? அதுவே போதும், வேறை தண்டனை ஏன்?” என்றார். பற்றை எரிந்தும் எரிந்து முடியாமல் நின்றது, அதற்குள்ளிருந்து கடவுள் பேசினார், காலில் இருப்பதைக் கழற்று என்றார், போய் உன் சனத்தை விடுவி என்றார் என்ற இடத்துக்கு வந்தபோது அண்ணை கையை உயர்த்தி நிறுத்தினார்.

“சாட்சி ஆர்?”

“ஆடுகள்தான்.”

“ரிஜெக்ட்.”

எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். அண்ணை விடவில்லை. “எங்கடை முருகனைப் பாருங்கோ அக்கா. ஆறே நாள். சூரனை முடிச்சு, தேவர்களைச் சிறைமீட்டு, கலியாணமும் கட்டிப்போட்டார். உங்கடை ஆள் வேலையைத் தொடங்கவே நாற்பது வருசம் எடுத்திருக்கிறார்.”

அக்கா தேத்தண்ணிப் போத்தலைத் திருகி மூடினார். “உங்கடை ஆளுக்கு ஆறு முகம், பன்னிரண்டு கை. எங்கடை ஆளுக்கு இருந்தது ஒரேயொரு வாய். அதுவும் திக்கும்.”

என் வாயில் பாண் அப்படியே நின்றது. மோசே திக்குவாயனா? அக்கா என்னைப் பார்க்காமலே விளக்கினார். கடவுள் கூப்பிட்டபோது மோசே சாக்குமேல் சாக்குச் சொன்னாராம். நான் யார், என்னை யார் நம்புவார்கள், எனக்குப் பேச வராது, வேறு ஆளை அனுப்பும் என்று. கடவுளுக்குக் கோபம் வந்ததாம். அண்ணன் ஆரோன் நன்றாகப் பேசுவான், அவனைக் கூட்டிக்கொண்டு போ என்றாராம். எனக்கு மோசேயோடு சட்டென்று ஒரு உறவு வந்தது. அந்த அண்ணனை நினைத்து எரிச்சலும் வந்தது. அங்கேயும் ஒருவன் சொல்லை முடித்துவைக்க ஆயத்தமாக இருந்திருக்கிறான்.

இரண்டு கிழமை கழித்து, துணி உலர்த்தும் மெசின் ஒன்றின் பின்பக்கம் சேர்ந்திருந்த பஞ்சுத்தூசி பற்றிக்கொண்டது. முதலில் கண்டது நான். சுவாலை இல்லை, சிவப்பாகக் கனன்று புகைந்துகொண்டிருந்தது. ‘நெருப்பு’ என்று கத்த வாயைத் திறந்தேன், முதல் எழுத்தைத் தாண்டவில்லை. கை திக்காது, அதனால் சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். எனக்குப் பின்னால் வந்த குருநகர் அக்கா புகையைப் பார்த்துச் சிலுவை போட்டார்.

“தம்பி, எரியுது, ஆனால் எரிஞ்சு முடியேல்லை. சப்பாத்தைக் கழட்டும்!”

பகிடிக்குத்தான் சொன்னார். அந்தப் பதற்றத்தில் நான் குனிந்து ஒரு நாடாவை அவிழ்த்துவிட்டேன் என்பதை இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

எல்லோரும் கார் நிறுத்துமிடத்துக்கு வெளியேறினோம். பனிக்குள், அரைக்கை ரீசேர்ட்டோடு, கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றோம். தீயணைப்புக்காரர் உள்ளே போனார்கள். குளிரில் நின்றால் மனிதனுக்கு ரோசம் வரும். இப்படியே விட்டால் செத்துப்போவோம், மனேஜரிடம் யாராவது போய்க் கதைக்கவேண்டும் என்று குரல்கள் எழுந்தன. யார் என்று கேட்டதும் எல்லோரும் ஆளுக்காள் காலணியைப் பார்த்தார்கள். உரும்பிராய் அண்ணை தனக்குப் பிரஷர் என்றார்.

அக்கா என்னைக் காட்டினார். “இவர்தான். நெருப்பைக் கண்டவர் இவர். வாயும் அதே வாய்.”

சனம் கைதட்டியது. குளிருக்கும் கைதட்டல் நல்லதுதான். என்னால் ஏலாது என்று சொல்ல நான் தொடங்கினேன். முதற்சொல்லின் நடுவில் நின்றபோது, உள்ளே போகலாம் என்று தீயணைப்புக்காரர் கை காட்டினார். கார் நிறுத்துமிடத்தில் நான் மட்டும் மிஞ்சி நின்று அந்த வசனத்தை முடித்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். பாதியில், “ஏலாது எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டியள்தானே? நல்லது” என்று அவர் முடித்துவைத்தார்.

என் மறுப்பு ஒருவர் காதிலும் ஏறாததால், மனேஜரிடம் மூன்று பேராகப் போனோம். என் இரண்டு பக்கமும் அக்காவும் அண்ணையும். நீங்கள் வாயைத் திறந்தால் நான் வேலையை விட்டே போய்விடுவேன் என்று இருவருக்கும் கடதாசியில் எழுதிக் காட்டியிருந்தேன். மனேஜர் கெட்ட மனிதர் இல்லை. எகிப்து ராசா பார்வோனுக்குரிய ஒரு தகுதியும் அவரிடம் கிடையாது. பின்னேரம் மூன்றரைக்கு எழும்பி, பாலர் பள்ளியில் பிள்ளையை எடுக்க ஓடுகிற ஒரு தகப்பன். கோப்பி ஊற்றித் தந்தார், சொல்லுங்கள் என்றார்.

நோர்வேஜியனில் ‘நாங்கள்’ என்பதற்கு ‘வி’ என்று ஒரே எழுத்துத்தான். அந்த ஒரு எழுத்தில் நான் நின்றேன். மணிக்கூட்டின் முள் நகர்வது கேட்டது. அண்ணையின் உதடு துடித்தது. அவருக்கு அந்த வசனம் முழுதாகத் தெரியும், அதுதான் அவருடைய வேதனை. அக்கா மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்தார்.

மனேஜர் அசையவில்லை. இந்த நாட்டில் ஒருவன் பேசும்போது மற்றவன் குறுக்கே விழமாட்டான். அதைச் சின்ன வயதிலேயே பழக்கிவிடுகிறார்கள். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சரித்து, காத்திருந்தார். என் வாழ்க்கையில் எனக்காக அப்படி ஒருவரும் காத்திருந்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது தொழிற்பிரச்சினையின் தாக்கம் என்று அவர் நினைத்திருக்கவேண்டும்.

நான் சொன்னது நான்கு வசனம். நாங்கள் கையால் மடிக்கிறோம். மெசின் பழுதாகி நான்கு மாதம். வண்டிக் கணக்கு மாறவில்லை. ஒன்று மெசினைத் தாருங்கள், அல்லது கணக்கைக் குறையுங்கள். மூன்றாவது வசனத்தின் பாதியில் மணி மூன்றரை தாண்டியது. மனேஜரின் கண் மணிக்கூட்டுக்குப் போய், வெட்கப்பட்டு, என்னிடம் திரும்பி வந்தது. பாலர் பள்ளி பூட்டிவிடும், பிள்ளை தொப்பியோடு வாசலில் நிற்கும், ஆனாலும் பேசுகிறவனை நிறுத்தமுடியாது. நான்காவது வசனத்தை முடித்தபோது அவர் ஏற்கெனவே ஜாக்கெட்டில் ஒரு கையைப் போட்டிருந்தார். வண்டிக் கணக்கை நாளையே குறைக்கிறேன், புது மெசினுக்கு ஓடர் கொடுக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு ஓடினார். பார்வோனை மசிய வைக்கக் கடவுள் அனுப்பிய தவளை, பேன், வெட்டுக்கிளி ஒன்றும் தேவைப்படவில்லை. பாலர் பள்ளியே போதுமாக இருந்தது.

ஒரு கிழமை நான் ராசா. தள்ளுவண்டிக்கு மேல் ஏற்றி ஊர்வலம் போகாததுதான் குறை. அடுத்த கிழமை முணுமுணுப்புத் தொடங்கியது. கணக்குக் குறைந்ததோடு ஓவர்டைமும் நின்றுவிட்டது. சனிக்கிழமை வேலை இல்லாததால் வீட்டில் மனைவி கறிக்கு வெங்காயம் உரிக்கச் சொல்கிறார் என்று ஒருவர் என்னை முறைத்தார். உவர் கதைக்காமல் விட்டிருக்கலாம் என்று உரும்பிராய் அண்ணை என் காதுபடச் சொன்னார்.

“இதுவும் கதையிலை வருது,” என்றார் அக்கா. மோசேக்குப் பின்னால் கடலைத் தாண்டி வந்த சனம் வனாந்தரத்தில் நாற்பது வருடம் அலைந்துகொண்டு, எகிப்தில் தின்ற மீனையும் வெள்ளரிக்காயையும் நினைத்து மோசேயைத் திட்டித் தீர்த்ததாம். வெங்காயத்தையும் நினைத்ததாம். அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வரவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது, மோசேக்கும் சேர்த்து.

ஏப்ரலில் மனேஜர் என்னைக் கூப்பிட்டார். புது மெசின் வருகிறது. அதற்கு இரண்டு பேர் போதும். மூன்று பேருக்குத் துவாய்ப் பகுதியில் இடம் இருக்கிறது. மிச்சம் ஒருவர். இதற்கு இங்கே ஒரு நீதி உண்டு, கடைசியாக வேலைக்கு வந்தவர் முதலில் போகவேண்டும். ஆறு பேரில் கடைசியாக வந்தவன் நான். அவர் உண்மையான துக்கத்தோடு சொன்னார். சொல்லிவிட்டு, என் பதிலுக்காகத் தலையைச் சரித்துக் காத்திருந்தார்.

அக்கா கேள்விப்பட்டு வந்து பக்கத்தில் இருந்தார். மோசேயையும் கடவுள், அந்தச் சனத்துக்குத் தருவதாகச் சொன்ன நாட்டுக்குள் விடவில்லை என்றார். மலையில் ஏற்றி, தூரத்தில் வைத்துக் காட்டினாராம், அவ்வளவுதான். ஏன் என்று கையால் கேட்டேன்.

“கோவத்திலை ஒரு பாறைக்குத் தடியாலை அடிச்சுப்போட்டார்.”

பாறைக்கா? நாற்பது வருடம் இந்தச் சனத்தை இழுத்துக்கொண்டு திரிந்தவன் ஒரு பாறைக்கு அடித்ததற்கா? அக்காவைப் பார்த்துத் திக்கித் திக்கிக் கேட்டேன், “உங்கடை கடவுளிட்டை அப்பீல் ஒண்டும் இல்லையோ?” அப்பீல் என்ற சொல்லை அவர்தான் முடித்துவைத்தார். முடித்துவிட்டு, “இல்லைத் தம்பி” என்றார்.

கடைசி நாள் புது மெசின் லொறியில் வந்து இறங்கியது. பிளாஸ்டிக் சுற்றியபடி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றது. சாப்பாட்டு அறையில் கேக் வெட்டி, தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தார்கள். இரண்டு சொல் சொல்லச் சொன்னார்கள். நான் ஆயத்தமாகத்தான் போயிருந்தேன். இரண்டு இரவு யோசித்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொடுக்க வசை சேர்த்து வைத்திருந்தேன். வெங்காயம் உரித்தவருக்கு ஒன்று, அண்ணைக்கு மூன்று.

எழும்பினேன். வாயைத் திறந்தேன். நின்றுவிட்டது.

வழக்கம்போல ஒருவராவது முடித்துவைப்பார் என்று பார்த்தேன். ஒருவரும் பேசவில்லை. வெங்காயக்காரர் கேக் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். குருநகர் அக்கா மனேஜரைப்போலத் தலையைச் சரித்துக் காத்திருந்தார். உரும்பிராய் அண்ணை தன் வாயைத் தன் கையாலேயே இறுக்கிப் பொத்திக்கொண்டு நின்றார். அவருடைய கண் பிதுங்கியது. என் சனம் எனக்காகக் காத்திருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த நேரத்துக்குள் சேர்த்து வைத்த வசையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுபோனது. சொல்வதற்கு வேறு ஏதாவது தேடினேன்.

“தே... தே... தேத்தண்ணி ஆறுது. குடியுங்கோ.”

அண்ணை வாயிலிருந்து கையை எடுத்து மூச்சு விட்டார். “உதுக்கோ ஐசே இவ்வளவு நேரம் நிண்டனாங்கள்?”

“ஓம்,” என்றேன். அதில் திக்கவில்லை.